மீண்டும் அளக்கப்படும் கண்டாவளை

போர் முடிந்த 2009ஆம் ஆண்டுக்குப் பின் கனடாவிலும் சுவிற்சர்லாந்திலும் இருந்து இலங்கையின் கிளிநொச்சி மாவட்டத்துக் கண்டாவளைக்கு வந்துபோகும் புலம்பெயர்ந்தோர், ஊரை முதலில் இழப்புகளின் கணக்காகவே பார்க்கின்றனர்: 1950களில் தொடங்கிப் போரால் மூடப்பட்ட பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையின் பாழ்பட்ட சுவர்கள், கூரையிழந்த வீடுகள், வட்டிழந்த பனைகள். சில வாரங்கள் தங்கியவர்களின் மதிப்பீடு மாறுவதுண்டு. மாரி மழையோடு விதைக்கும் பெரும் நெற்செய்கையான காலபோகமும், இரணைமடுக் குளத்து நீரைப் பங்கிட்டுச் செய்யும் சிறுபோகமும் தொடர்வதையும், புளியம்பொக்கணை நாகதம்பிரான் பொங்கலுக்குச் சனம் திரள்வதையும் காணும்போது, தாம் இல்லாமலேயே ஊர் எழுந்து நின்றது அவர்களுக்குப் புலப்படுகிறது. அது சிலருக்கு ஆறுதல், சிலருக்கு நோவு, இரண்டுமே நியாயமானவை.

சிக்கல் காணியில்தான் எழுகிறது. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திச் சட்டத்தின்கீழ் அரசு வழங்கிய, அனுமதியின்றிக் கைமாற்ற முடியாத ‘பெர்மிட் காணி’யில் வரம்பு கட்டி, வேலி அடைத்து, உவர் ஏறிய மண்ணைத் திருத்தியவர் ஊரில் தங்கிவிட்ட தங்கையாக இருக்க, பத்திரத்தில் உள்ள பெயரோ வெளிநாட்டு அண்ணனுடையதாக இருக்கலாம். ஊரை மறுபடி மதிப்பிட வருவோர் முதலில் கணக்கில் எடுக்க வேண்டியது அந்தத் தங்கையின் உழைப்பையே; காணியின் இன்றைய விலை அதற்குப் பின்னர்தான் வரும்.