அகழியோர நடை

ஹைதர் அலி 1766-இல் எழுப்பிய பாலக்காட்டுக் கோட்டையைச் சுற்றி விடியற்காலையில் அகழியோரமாக நடக்கும் வழக்கமுடைய நான், கைப்பேசி காட்டும் காலடிக் கணக்கு பத்தாயிரத்துக்குக் குறைந்த நாட்களிலெல்லாம் ஏதோ அபசாரம் செய்தவன்போல் மனம் வாடி, முழங்கால் வீங்கியிருந்தபோதும் மறுநாள் இரட்டிப்பாக நடந்து உடம்பைத் தண்டித்து வந்தேன்.

அந்தப் பத்தாயிரமோ, 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த நடைமானியொன்றின் பெயரால் பரவிய எண்ணேயன்றி வைத்திய சாஸ்திரம் விதித்த நியமம் அன்று. இடுக்கி மலையில் பிறந்த பிரீஜா ஸ்ரீதரன் 2010 குவாங்சௌ ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற 10,000 மீட்டர் ஓட்டத்துக்குத் தயாராவோரின் பயிற்சியிலும் ஓய்வு நாள் ஓர் அங்கமல்லவா! தேகத்தின்மேல் உள்ள பிரியத்தால் செய்வதே தேகப்பயிற்சி என்று இப்போது உறுதியாக நம்புகிறேன்.

இன்று முழங்காலில் வலி எடுக்கவே, அகழியில் மீன் துள்ளிய இடத்தில் நெடுநேரம் நின்றிருந்துவிட்டு, பாதிச் சுற்றிலேயே வீடு திரும்பினேன்.