வெள்ளைக்கு அடியில் சிவப்பு

மே 14, ஃபிஜாக்

நடையைத் தொடங்கும் முன் எழுத்துகளின் மேல் கொஞ்ச நேரம் நின்றேன். ஃபிஜாக் ஊரின் நடுவே, பழைய கல்வீடுகள் நெருக்கிச் சூழ்ந்த ஒரு முற்றம். தரை முழுக்கக் கருங்கல் பாவி, ரொசெட்டா கல்லின் எழுத்துகளைப் பெரிதாக்கிச் செதுக்கியிருக்கிறார்கள். அமெரிக்கக் கலைஞர் ஜோசப் கொசுத் 1991-இல் செய்தது. அந்தக் கல்லின் துணையோடு எகிப்தியச் சித்திர எழுத்தின் புதிரை 1822-இல் அவிழ்த்த ஷம்போலியோன் 1790-இல் பிறந்த ஊர் இது. சிறுவர்கள் அந்த எழுத்துகளின் மேல் ஓடி விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

ஊரைவிட்டு வெளியேறும்போது நான் படிக்க வேண்டிய எழுத்தும் கிடைத்தது. ஒரு மின்கம்பத்தில் இரண்டு கோடுகள்: மேலே வெள்ளை, கீழே சிவப்பு. பிரான்ஸில் ஜி.ஆர். எனப்படும் நெடுநடைப் பாதைகளின் அடையாளம் அது. 1947-இல் ழான் லுவாஸோவும் அவருடைய நண்பர்களும் தொடங்கிய ஏற்பாடு. கோடுகளுக்குக் கீழே அம்பு இருந்தால் திரும்ப வேண்டும். இரண்டு நிறங்களிலும் பெருக்கல் குறி இருந்தால் இது உன் வழி அல்ல. அவ்வளவுதான் இலக்கணம்.

ஜி.ஆர். 65, லெ பூயி நகரிலிருந்து ஸ்பெயினின் சந்தியாகோ தெ கொம்போஸ்தெலாவுக்குப் போகும் யாத்திரைப் பாதையை ஒட்டியது. நம் கடலோர ஊர்களில் சந்தியாகப்பர் என்று வணங்கும் அதே புனிதரின் கல்லறையை நோக்கி, 10-ஆம் நூற்றாண்டிலிருந்து நடக்கிறார்கள். பெதுவேர் என்ற ஊரில் பாதை இரண்டாகப் பிரிந்தது. பெரும்பாலோர் நேரே போனார்கள். நான் செலே ஆற்றின் பள்ளத்தாக்கில் இறங்கும் கிளைப் பாதையான ஜி.ஆர். 651-ஐப் பிடித்தேன். அரை மணி நேரத்தில் பேச்சுக் குரல்கள் அடங்கின. குயில் வகைப் பறவையொன்று இரண்டே சுரத்தில் கூவிக்கொண்டே வந்தது.

மாலையில் எஸ்பான்யாக். ஆற்றைக் கடந்தால் ஒரு பழைய கன்னியர் மடம். 'சொர்க்கப் பள்ளத்தாக்கு' என்பது அதன் பெயரின் பொருள். மணிக்கூண்டின் தலையில் மரச்சட்டமும் செங்கல்லுமாக ஒரு சின்ன வீட்டையே தூக்கி வைத்தது போன்ற அறை. மடத்தின் பழைய கட்டடத்திலேயே யாத்ரீகர் விடுதி. கால் வலியோடு படுத்தாலும் ஆற்றின் சத்தம் தாலாட்டியது.

மே 15, மர்சியாக்

இன்று முழுவதும் ஏறுவதும் இறங்குவதும்தான். பள்ளத்தாக்கின் இருபுறமும் வெளிர் மஞ்சளும் சாம்பலுமாகச் சுண்ணாம்புப் பாறைகள் செங்குத்தாக நிற்கின்றன. 15 கோடி ஆண்டுகளுக்கும் முன் இங்கே கிடந்த கடலின் அடித்தரை இது. ப்ரெங்க் ஊருக்கு மேலே பாறையின் பொந்துகளை அடைத்துக் கட்டிய சுவர்கள் தெரிந்தன. இங்கிலாந்தோடு நடந்த நூறாண்டுப் போர்க் காலத்தின் நினைவாக இத்தகைய குகைக் கோட்டைகளை இந்தப் பகுதி மக்கள் 'ஆங்கிலேயர் கோட்டை' என்கிறார்கள். சேன்-சுல்பீஸில் வீடுகள் மழைக்கு ஒதுங்கியவர்களைப் போலப் பாறையின் கீழ் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

பாறையின் தலைக்கு ஏறினால் வேறு உலகம். 'கோஸ்' எனப்படும் மேட்டுச் சமவெளி. கட்டையான ஓக் மரங்கள், சூரைமுள் போலக் குத்தும் ஜூனிப்பர் புதர்கள், கல்லிடுக்கில் பூத்த சின்னச் சின்ன ஆர்க்கிட்கள். கண்ணுக்கு மை தீட்டியது போல விழியைச் சுற்றிக் கறுத்திருக்கும் செம்மறியாடுகள் இந்த மண்ணுக்கே உரிய இனம். இங்கே ஓடை கிடையாது. மழைநீர் மண்ணிலுள்ள கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு லேசான அமிலமாகி, சுண்ணாம்புக் கல்லைக் கரைத்து, விரிசல்களை அகலமாக்கி உள்ளே போய்விடுகிறது. தரை திடீரென்று கிணறு போல வாய் திறந்திருக்கும் இடங்களை 'ஈக்' என்கிறார்கள். மேலே தாகம், அடியில் ஆறு.

அதனால் நடப்பவர் இரண்டு லிட்டராவது சுமக்க வேண்டும். நேற்று விடுதியம்மா ஒன்று சொல்லிக் கொடுத்தார்: "தண்ணீர் தீர்ந்தால் கல்லறைத் தோட்டத்தைத் தேடுங்கள். பூச்செடிகளுக்கு ஊற்ற அங்கே குழாய் வைத்திருப்பார்கள்." இன்று நண்பகலில் அந்தக் குழாய்தான் காப்பாற்றியது. ஊரின் இறந்தவர்கள் வழிப்போக்கனுக்கு வார்த்த தண்ணீர் என்று நினைத்தபோது தொண்டை நனைந்ததற்கு மேலும் ஏதோ நனைந்தது.

ஓக் காட்டுக்குள் என்னை நிறுத்தியது சுவர்கள். சாந்தே இல்லாமல் கல்லின் மேல் கல்லாக அடுக்கியவை. இடுப்புயரம், பாசி படர்ந்து, காட்டின் நடுவே யாருக்காகவும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தன. இங்கே காடு பழையது அல்ல, சுவர்தான் பழையது. உழுவதற்கும் கொடி நடுவதற்கும் பொறுக்கிய கற்களையே வேலியாக அடுக்கினார்கள். 1870-களின் பிற்பகுதியில் ஃபிலொக்சரா என்ற வேர்ப்பூச்சி இந்தப் பகுதியின் திராட்சைத் தோட்டங்களை அழித்தது. பிழைப்புத் தேடிக் குடும்பங்கள் வெளியேறின. விட்டுப் போன நிலத்தில் ஓக் முளைத்தது. நான் அழகு என்று ரசித்து நடந்த நிழல், யாரோ கண்ணீரோடு பூட்டிவிட்டுப் போன தோட்டம்.

ஒரு சுவரின் மூலையில் வட்டமான கல்குடிசை. கூரையும் கல்தான், ஒவ்வொரு வரிசையும் உள்நோக்கிக் கொஞ்சம் நீண்டு உச்சியில் மூடிக்கொள்கிறது. மேய்ப்பர்கள் ஒதுங்கும் 'கசெல்'. சாந்தில்லாமல் கல் அடுக்கும் இந்தக் கலையை 2018-இல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. குடிசைக்குள் உட்கார்ந்து ரொக்கமதூர் ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி தின்றேன்; உள்ளங்கைக்குள் அடங்கும் வட்டம், 35 கிராம்.

மர்சியாக்கில் பாதி இடிந்த மடாலயம். கூரையற்ற தேவாலயத்தின் தூண்களுக்கு நடுவே புல், மேலே வானம்.

மே 16, காப்ரெரே

வழி தவறினேன். சோலியாக்கைத் தாண்டிய காட்டில் அகலமான தடம் ஒன்று கண்ணை இழுத்தது. நாற்பது நிமிடம் நடந்த பிறகுதான் வெகு நேரமாக ஓர் அடையாளக் குறியையும் பார்க்கவில்லை என்று உறைத்தது. திரும்பி வந்தேன். பிரிவில் இருந்த மரத்தைச் சுற்றிப் பார்த்தால், ஐவிக் கொடியின் இலைகளுக்கு அடியில் பெருக்கல் குறி. என்னிடம் 'போகாதே' என்று சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

கொடியை விலக்கிக்கொண்டிருந்தபோது ஒரு பெரியவர் வந்தார். தோளில் துணிப்பை; அதில் இரண்டு சின்ன வண்ண டப்பாக்கள், தூரிகை, கம்பித் தூரிகை, கிளை வெட்டும் கத்தரி. பாதைக்கு அடையாளம் தீட்டும் தொண்டர். சம்பளம் கிடையாது. நாடு முழுக்க இவரைப் போல ஆயிரக்கணக்கானோர் தங்கள் ஊருக்குப் பக்கத்துப் பாதைத் துண்டைப் பார்த்துக்கொள்கிறார்கள். கொடியை வெட்டினார், பட்டையிலிருந்த பாசியைத் தேய்த்தார், முதலில் வெள்ளையைத் தீட்டினார். அது காயக் காத்திருந்தபோது பேசினோம்.

"வழி தெளிவாக இருக்கும் இடத்தில் கோடு வேண்டாம், ஐயா. சந்தேகம் வரும் இடத்தில்தான் வேண்டும். ஆனால் எனக்குச் சந்தேகம் வராதே! இந்தப் பாதை எனக்கு மனப்பாடம். அதனால் முதல் முறை வருகிறவராக என்னை நினைத்துக்கொண்டு நடப்பேன். போகும்போது ஒரு முறை, திரும்பும்போது ஒரு முறை. எதிர்த் திசையிலிருந்து வருகிறவருக்கும் அது தெரிய வேண்டும் இல்லையா?"

வெயிலும் மழையும் சில வருடங்களில் வண்ணத்தை வெளிற வைத்துவிடும், மரம் பருத்தால் கோடு விரிந்து உடையும், அப்போது மறுபடியும் வர வேண்டும் என்றார். பிறகு சிவப்பைத் திறந்தார். இதுவரை பார்க்கக்கூட வாய்ப்பில்லாத என்னைப் போன்ற ஒருவரின் தயக்கத்தை முன்கூட்டியே தானும் தயங்கிப் பார்ப்பது எவ்வளவு பெரிய பண்பு! பாதை அதுபாட்டுக்குக் கிடக்கிறது என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

மே 17, பெஷ் மெர்ல்

காப்ரெரேக்கு மேலே குன்றில் இருக்கும் குகை. சிதைவு நேராமலிருக்க நாளொன்றுக்கு 700 பேரைத்தான் விடுகிறார்கள். முன்பே பதிவு செய்திருந்தேன். 1922-இல் பதின்ம வயதுப் பையன்கள், அந்த ஊர்ப் பாதிரியார் லெமொஸி ஊட்டிய ஆர்வத்தால், இருட்டில் ஊர்ந்து போய்க் கண்டுபிடித்தது. ஷம்போலியோன் சித்திர எழுத்தைப் படித்து சரியாக நூறாண்டு கழித்து, அவர் பிறந்த ஊர் வழியே ஓடும் அதே செலே ஆற்றின் பள்ளத்தாக்கில் அதைவிட எவ்வளவோ பழைய சித்திரங்கள்.

மழைநீர் மேலே கரைத்த கல்தான் இங்கே தூணாகவும் திரைச்சீலையாகவும் தொங்குகிறது. வழிகாட்டி விளக்கைத் திருப்பினார். புள்ளி போட்ட இரண்டு குதிரைகள். வலப்பக்கப் பாறையின் விளிம்பே குதிரைத் தலையின் வடிவில் இருக்கிறது. வரைந்தவர் அதைக் கண்டுகொண்டிருக்கிறார். ஏறத்தாழ 29,000 ஆண்டு வயது. இந்தப் புள்ளிகள் கற்பனையா என்று வெகு காலம் விவாதித்தார்கள். அந்தக் காலக் குதிரைகளில் புள்ளித் தோலுக்கான மரபணு இருந்ததை 2011-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது.

குதிரைகளைச் சுற்றி மனிதக் கைகள். கையைப் பாறையில் வைத்து அதன்மேல் வண்ணத்தை வாயால் ஊதித் துப்பியிருக்கிறார்கள் என்று, ஆய்வாளர் மிஷெல் லொர்ப்லான்ஷே தானே செய்துபார்த்து விளக்கினார். கை போய்விட்டது, கையில்லாத இடம் நிற்கிறது. வேறொரு பக்கம் களிமண் இறுகிய தரையில் சிறுபிள்ளை ஒன்றின் காலடிகள். கவிஞர் ஆந்த்ரே ப்ரெத்தோன் 1952-இல் இங்கே ஓவியம் உண்மைதானா என்று விரலால் தேய்த்துப் பார்த்ததற்கு அபராதம் விதிக்கப்பட்டது. விளக்கு அணைந்தபோது எனக்கும் விரல் துடித்தது. ஆனால் சந்தேகத்தால் அல்ல. அந்தக் கையோடு என் கையைச் சேர்க்க வேண்டும் போலிருந்தது. கைகளைக் கட்டிக்கொண்டே வெளியே வந்தேன்.

மே 18, சேன்-சிர்க்-லபோப்பி

செலே நேற்று மாலை லோட் ஆற்றில் கலந்தது. இன்று பூஸியெஸிலிருந்து பாதை, லோட் நதியை ஒட்டிச் செங்குத்துப் பாறைக்குள்ளேயே போகிறது. 19-ஆம் நூற்றாண்டில், சரக்கு ஏற்றிய படகுகளை ஆட்களும் குதிரைகளும் கரையிலிருந்து கயிறு கட்டி இழுத்துச் செல்லக் குடைந்தது. தலைக்கு மேலும் பாறை, பக்கத்திலும் பாறை. ஒருபுறம் மட்டும் தண்ணீர். ஓரிடத்தில் சிற்பி டானியல் மொன்னியே சுவர்ப்பாறையில் மீன்களும் சிப்பிகளுமாகச் செதுக்கியிருக்கிறார். கல் கடலாக இருந்த காலத்தைக் கல்லுக்கே நினைவுபடுத்துவது போல.

கடைசி ஏற்றம். நதிக்கு மேலே ஏறத்தாழ நூறு மீட்டர் உயரத்தில் சேன்-சிர்க். 1951-இல் ப்ரெத்தோன் இங்கே வீடு வாங்கி, கடைசிவரை கோடைகளைக் கழித்தார். மர வேலைக்குப் பேர்பெற்ற ஊர். மதுப் பீப்பாய்களுக்கான குழாய்களைப் பாக்ஸ் மரத்தில் கடைந்தார்கள்.

விடுதியின் அலமாரியில், முடித்தவர்கள் விட்டுச் சென்ற புத்தகங்களும் வரைபடங்களும் இருந்தன. நாளை ஒரு பெண் எதிர்த் திசையில் ஃபிஜாக்குக்குத் தனியே நடக்கப் போகிறார். என் வரைபடத்தை விரித்து, தண்ணீர் கிடைத்த கல்லறைத் தோட்டங்களைப் பென்சிலால் வட்டமிட்டேன். சோலியாக் காட்டுப் பிரிவைக் குறித்தேன். பிறகு பெரியவரின் நினைவு வந்தது. தாளைத் தலைகீழாகத் திருப்பி, அந்தப் பெண் வரும் திசையிலிருந்து ஒவ்வொரு பிரிவாக மறுபடி நடந்துபார்த்தேன். அந்தப் பக்கத்திலிருந்து வந்தால் வேறு இரண்டு இடங்களில் தயங்க நேரும் என்று தோன்றியது. அவற்றையும் குறித்துவிட்டு விளக்கை அணைத்தேன்.