மிஞ்சிய திருகாணி

நுழையும்முன்

பழுதான பொருளை ஒதுக்கி வைப்பது எளிது. அதனைத் திறந்து, பழுது எங்கே என்று தேடி, மீண்டும் முறையாகப் பூட்டுவதற்குப் பொறுமை வேண்டும், நேர்மையும் வேண்டும். தமிழாசிரியர் ஒருவர் தம் மாணவனுடன் சேர்ந்து கருவி ஒன்றைப் பழுதுபார்த்த அனுபவம் இங்குப் பாடமாகிறது.

நான் பிறந்தது விருதுநகரில். பணியின் பொருட்டு மூன்று மாநிலங்களில் வாழ்ந்துவிட்டு, இப்போது பெங்களூருவின் தென்புறத்திலுள்ள சந்தாபுராவில் தமிழ் கற்பிக்கிறேன். ஓசூர் நெடுஞ்சாலையிலிருந்து ஆனேக்கல் சாலை பிரியும் ஊர் இது. தெற்கே சுமார் 15 கிலோமீட்டர் சென்றால், அத்திப்பள்ளியைக் கடந்து ஓசூர் வந்துவிடும். வடக்கே பொம்மசந்திரா தொழிற்பேட்டை. அதற்கப்பால், 1970களின் இறுதியில் கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனம் உருவாக்கிய எலக்ட்ரானிக் சிட்டி. இவ்விடங்களில் வேலை பார்க்கும் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளே என் மாணவர்களில் பெரும்பாலோர்.

அவர்களுக்குத் தமிழ் பேசத் தெரியும், எழுதத் தெரியாது. பள்ளி நேரம் முடிந்தபின், வாரத்திற்கு மூன்று நாள், கணினி அறையில் விருப்பமொழி வகுப்பு நடக்கும். எழுத்துகளைச் சுவரில் ஆளுயரத்திற்குக் காட்டி, கோடு எங்கே தொடங்கி எங்கே வளைகிறது என்று விளக்குவேன். 'ழ' எழுதக் கற்கும் பதினான்கு வயதுப் பிள்ளைக்குக் கூச்சம் அதிகம். சுவரில் பார்த்து எல்லாரும் ஒன்றாக எழுதும்போது அந்தக் கூச்சம் மறைந்துவிடும்.

அதற்குத் துணையாக இருந்தது ஒரு டாக்கிங் ஸ்டேஷன். எங்கள் மடிக்கணினியில் 'டைப்-சி' துளை ஒன்றே உண்டு. மின்னேற்றம், புரொஜெக்டர், ஒலிபெருக்கி, இணைய வடம் ஆகிய அனைத்தும் அந்த ஒரே வாயில் வழியாகச் சென்றாக வேண்டும். கட்டைவிரல் நகத்தைவிடச் சிறிய அத்துளையில் 24 தொடுமுனைகள் உள்ளன. அவற்றின் வழியே செல்லும் மின்சாரத்தையும் செய்திகளையும் பிரித்து, உரிய வடங்களுக்கு அனுப்பும் பெட்டியே டாக்கிங் ஸ்டேஷன். கப்பல் வந்து அணையும் துறையை நினைத்து வைத்த பெயர் அது.

நவம்பர் மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில், சுவரில் தெரிந்த எழுத்துகள் துடித்து மறைந்தன. மின்வடத்தை அசைத்தால் மீண்டும் வந்தன. வியாழக்கிழமை எவ்வளவு அசைத்தும் வரவில்லை. கருவியின் உத்தரவாதக் காலம் முடிந்திருந்தது. "கழிவுப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள், ஏப்ரலில் புதிய ஒதுக்கீடு வந்ததும் பார்க்கலாம்" என்றார்கள். பொருட்பதிவேட்டில் அக்கருவிக்கு எதிரே இருந்தது என் கையொப்பம். அதைவிட, ஐந்து மாதங்கள் சுவர் வெறுமையாக இருந்தால் எத்தனை பிள்ளைகள் வகுப்பில் எஞ்சுவார்கள் என்பதே என் கவலை.

என் வீட்டில் ஒரு தகரப்பெட்டி உண்டு. அது அப்பாவினுடையது. விருதுநகரில் அவர் வானொலி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். கழற்றும் திருகாணிகளை ஒரு சிரட்டையில் ஏந்தி அருகில் நிற்பது சிறுவயதில் என் வேலை. அவர் மறைந்தபோது நான் தொலைவில் தேர்வுப் பணியில் இருந்தேன். சென்று சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அந்தப் பெட்டியை மட்டும் எடுத்து வந்தேன். இடமாறுதல்தோறும் என்னுடன் வந்த அதனை ஒருமுறையும் திறந்ததில்லை. கழிவுப் பட்டியலில் எழுதும்முன் ஒரு முயற்சி செய்து பார்க்க அனுமதி பெற்று, வெள்ளிக்கிழமை அதனைப் பள்ளிக்கு எடுத்துச் சென்றேன்.

வகுப்பில் யாருடனும் அதிகம் பேசாத ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் அன்று வீட்டுக்குப் போகவில்லை. "நான் உடன் இருக்கலாமா, அம்மா?" என்று கேட்டான். ஒரு தாளையும் பென்சிலையும் கொடுத்து, கழற்றும் ஒவ்வொரு திருகாணியின் இடத்தையும் வரையச் சொன்னேன்.

முதலில் எல்லா வடங்களையும் பிடுங்கினோம். மின்தேக்கிகளில் எஞ்சிய மின்சாரம் வடியச் சிறிது நேரம் காத்திருந்தோம். சுவர் மின்சாரத்தின் அழுத்தம் 230 வோல்ட். அடாப்டர் அதனைச் சுமார் 20 வோல்ட்டாகக் குறைத்துத் தருகிறது. ஆகவே, கருவியைத் திறக்கலாம். அடாப்டரை நாமாகத் திறக்கக் கூடாது. உடலில் தேங்கும் நிலைமின்சாரம் சில்லுகளைக் கெடுக்கும் என்பதால், நிலத்தோடு இணைந்த உலோகக் குழாய் ஒன்றைத் தொட்டுவிட்டு அமர்ந்தோம்.

வெளியே திருகாணி ஒன்றும் தெரியவில்லை. அடியிலிருந்த ரப்பர்க் கால்களை மெல்ல உரித்தபோது நான்கு திருகாணிகள் ஒளிந்திருந்தன. அவற்றை எடுத்தும் மூடி அசையவில்லை. உள்ளே பிளாஸ்டிக் கொக்கிகள் பிடித்திருந்தன. காலாவதியான அட்டை ஒன்றை இடுக்கில் நுழைத்து ஒவ்வொன்றாக விடுவித்தோம். உள்ளே ஓர் உலோகத் தகடு. அதற்குக் குட்டையான இரண்டு திருகாணிகள். பச்சைப் பலகைக்கு மேலும் மூன்று. மாணவனின் தாளில் ஒன்பது வட்டங்கள் ஆயின.

அப்பாவின் பெட்டியிலிருந்த உருப்பெருக்குக் கண்ணாடியை அவன் பிடிக்க, நான் பலகையைத் திருப்பிப் பார்த்தேன். கருகல் இல்லை, மின்தேக்கிகள் உப்பவுமில்லை. மின்வடம் செருகும் துளையின் அடியில், மூன்று உலோகக் கால்களைச் சுற்றியும் மயிரிழை போன்ற வளைய விரிசல் தெரிந்தது.

"யாரோ வடத்தை வேகமாக இழுத்திருக்க வேண்டும்" என்றேன்.

கண்ணாடி அசைந்தது. சிறிது நேரத்திற்குப் பின், "அந்தத் திங்கட்கிழமை என் கால்தான் தடுக்கியது, அம்மா. சொல்லப் பயந்தேன்" என்றான்.

எனக்குக் கோபம் வந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. நான்கு நாள் இவன் வாய் திறக்கவில்லையே என்று எண்ணினேன். ஆனால், வடத்தை நடைபாதையின் குறுக்கே விட்டது நான். அதனை அவனிடம் சொன்னேன். பிறகு, "கண்ணாடியை இன்னும் கொஞ்சம் தாழ்த்திப் பிடி" என்றேன்.

உருகி உலோகங்களை ஒட்டும் பொருளைத் தமிழில் பற்றாசு என்பர். கடைகளில் 'சால்டரிங் ஈயம்' என்று கேட்டால் கிடைக்கும். வெள்ளீயமும் ஈயமும் 63க்கு 37 என்ற அளவில் கலந்தால் 183 பாகை செல்சியசில் உருகும். சன்னல்களைத் திறந்துவைத்து, மாணவனைத் தள்ளி நிற்கச் சொல்லி, அப்பாவின் சால்டரிங் அயர்னைச் சூடேற்றினேன். பற்றாசு அதிகமானால் பக்கத்துக் காலையும் சேர்த்துவிடும். குறைந்தால் மீண்டும் விரியும்.

அப்போது யாப்பிலக்கணம் நினைவுக்கு வந்தது. இரு குறள் வெண்பாக்களைத் தனிச்சொல்லால் இணைத்து நேரிசை வெண்பா ஆக்கும்போது, முதற்குறளின் இறுதி தனிச்சொல்லோடு ஓசை பொருந்தாவிட்டால், இடையில் ஓரசையோ ஈரசையோ சேர்ப்பர். அதற்கும் ஆசு என்றே பெயர்; அவ்வாறு அமைவது ஆசிடை நேரிசை வெண்பா. இருபது ஆண்டுகளாக நான் நடத்திவரும் பாடம் அது. ஆசு ஏன் அளவோடு இருக்க வேண்டும் என்பதை என் கை அறிந்தது அன்றுதான்.

இரண்டு கால்கள் பற்றிக்கொண்டன. மூன்றாவது உருகவே இல்லை. மறுநாள் பலகையை ஆனேக்கல் சாலையிலுள்ள கைப்பேசிக் கடைக்குக் கொண்டுசென்றேன். கடைக்காரர் கிருஷ்ணகிரிக்காரர். "இது எர்த் கால், டீச்சரம்மா. சூட்டையெல்லாம் பலகையே குடிச்சிடும். உங்க அயர்னுக்குத் தாங்காது" என்று சொல்லி, தம் கருவியால் நொடியில் முடித்தார். "மத்த ரெண்டும் யார் வெச்சது? பரவாயில்லையே!" என்றவர், 50 ரூபாய் பெற்றுக்கொண்டார்.

திங்கள் மாலை, பிரித்த வரிசைக்கு எதிர்வரிசையில் பூட்டினோம். வடத்தைச் செருகியதும் சுவரில் ஒளி விழுந்தது. மாணவன் கைதட்டினான். மேசையைத் துடைக்கும்போது, தாளின் மடிப்பில் ஒரு குட்டைத் திருகாணி கிடந்தது.

"வேலை செய்கிறதே, அம்மா. விட்டுவிடலாமா?" என்றான்.

எனக்கும் அதே ஆசைதான். மணி ஆறாகியிருந்தது. ஆனால், சிரட்டையில் ஒரு திருகாணி மிஞ்சினாலும் அப்பா அன்று வானொலியை உரியவரிடம் கொடுக்கமாட்டார். மறுபடியும் திறந்தோம். தாளில் எட்டு வட்டங்களில்தான் அவன் குறியிட்டிருந்தான். ஒன்பதாவது, முதன்மைச் சில்லின் மேல் தகட்டை அழுத்திப் பிடிக்கும் திருகாணி. சில்லின் வெப்பத்தை ஏந்திக் கடத்துவது அத்தகடே. அதனை விட்டிருந்தால் கருவி அன்று ஓடியிருக்கும். சில வாரங்களில் சூடேறிக் கெட்டிருக்கும். அப்போது காரணம் யாருக்கும் தெரிந்திராது.

2022இல் மட்டும் உலகில் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவு சேர்ந்ததாக ஐக்கிய நாடுகளின் அறிக்கை கூறுகிறது. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு. பொருளை வாங்கியவர் அதனைப் பழுதுபார்த்துக்கொள்ள வழி வேண்டும் என்னும் நோக்கில், இந்திய அரசு அதே ஆண்டு டிசம்பர் 24இல் 'பழுதுபார்க்கும் உரிமை' இணையவாயிலைத் தொடங்கியது. எல்லாவற்றையும் நாமே சரிசெய்ய முடியாது. மூன்றாவது காலுக்கு எனக்குக் கடைக்காரர் தேவைப்பட்டார். ஆனால், திறந்து பார்க்காமலே கழிவு என்று எழுதிவிடவும் கூடாது.

பதிவேட்டில் 'பழுது நீக்கப்பட்டது' என்று எழுதிக் கையொப்பமிட்டேன். அப்பாவின் பெட்டி இப்போது கணினி அறை அலமாரியில், பூட்டின்றி இருக்கிறது.

அடுத்த வகுப்புக்கு நான் செல்லும்முன்னரே அந்த மாணவன் வந்திருந்தான். மின்வடம் நடைபாதையில் இல்லை. சுவரோரமாக, முனையிலிருந்து முனைவரை, நாடாவால் ஒட்டப்பட்டிருந்தது.

சொல்லும் பொருளும்

பற்றாசு – உருகி உலோகங்களை இணைக்கும் பொருள்
சிரட்டை – தேங்காய் ஓடு
வடம் – கம்பி, கயிறு
மின்தேக்கி – மின்னூட்டத்தைச் சேர்த்துவைக்கும் உறுப்பு

பிரித்து எழுதுக

1. திருகாணி 2. பற்றாசு 3. மின்னேற்றம் 4. ஆசிடை

சிந்தித்து எழுதுக

1. மிஞ்சிய திருகாணியை ஆசிரியர் ஏன் விட்டுவிடவில்லை?
2. மாணவன் உண்மையைச் சொன்னபோது, ஆசிரியர் தம் தவற்றையும் சொன்னது சரியா? உம் கருத்தை எழுதுக.
3. உம் வீட்டில் பழுதுபார்த்துப் பயன்படுத்தும் பொருள் ஒன்றைப் பற்றிப் பத்து வரிகளில் எழுதுக.