ஜன்னல்

ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதிச் சந்தையில் வாங்கிய பழைய ‘ட்வைலைட்’ ஒன்று என் மாணவிகளிடையே கைமாறிக்கொண்டிருந்தது. ஸ்டெஃபனி மேயர் எழுதி 2005இல் வந்த முதல் பாகம். பதினேழு வயது பெல்லா தூங்குவதைப் பார்க்க, ரத்தக்காட்டேரியான எட்வர்ட் அவளுக்கே தெரியாமல் இரவில் அறைக்குள் வருகிறான்.

“எவ்ளோ லவ் மேம்!” என்றாள் ஒருத்தி. நான் சிரித்துவிட்டேன். தன்னைக் கொன்ற கணவனை மறுபிறவியிலும் தேடிவந்து பழிதீர்த்த பழையனூர் நீலியைப் பாடம் நடத்துகிறவள் நான்.

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல்: “எங்க தெருவுல ஒருத்தன் தினமும் ராத்திரி வந்து நிக்கிறான் மேம். ஜன்னலைத் திறந்து வச்சுத் தூங்கி ஒரு வருஷமாச்சு.”

வகுப்பு அடங்கிப்போனது.

“உனக்குமா இந்தக் கதை பிடிச்சுது?” என்றேன்.

“பிடிச்சுது மேம். இவனால கடிக்க முடியும். ஆனா கடிக்காம இருக்கான்ல?”

இத்தனை வருடம் பெண்ணியம் பேசியும், அந்தப் பிள்ளைகள் எதற்காக வாசிக்கிறார்கள் என்று நான் கேட்டதே இல்லை. அவர்களைத் திருத்தத்தான் பார்த்திருக்கிறேன்.

புத்தகத்தை இரவல் வாங்கிவந்து, முத்தியால்பேட்டை வீட்டில் அன்றிரவே வாசித்தேன். ஒரே புழுக்கம். நாற்பத்தாறு வயதாகிறது, அப்போதும் எழுந்துபோய் ஜன்னலைத் திறக்கவில்லை.