மருமகன் வளர்த்த மண்ணுளி

தமிழாசிரியர் ஒருவரிடம் விழா மலருக்குக் கட்டுரை கேட்போர் சங்க இலக்கியத்தையோ சைவ சித்தாந்தத்தையோ எதிர்பார்ப்பது வழக்கம். யாம் எழுதப் புகுந்ததோ ஒரு பாம்பைப் பற்றி. அப்பாம்பு எம் கல்லூரி வளவோடு தொடர்புடையதாகலின் மலரில் அதற்கும் ஓரிடம் உண்டென்று துணிந்தோம். வாசகர் பொறுத்தருள்க.

2023ஆம் ஆண்டில் விடுப்புப் பெற்று இலண்டன் மாநகர் சென்று, தங்கையின் இல்லத்தில் மூன்று கிழமை தங்கியிருந்தோம். அவள் மகனுக்கு அப்போது பதினான்கு வயது. பிற பிள்ளைகள் நாயும் பூனையும் கேட்டு அடம்பிடிக்கும் பருவத்தில் அவன் பாம்பு கேட்டு அடம்பிடித்துக்கொண்டிருந்தான். யாம் போய் இறங்கிய அன்றிரவே தங்கை எம்மிடம் முறையிட்டாள். "அண்ணா, நீங்கள் சொன்னால் கேட்பான். வேண்டாமெண்டு ஒரு சொல் சொல்லுங்கோ. நாகதம்பிரானைப் பெட்டிக்குள்ள அடைச்சு வைக்கலாமோ?"

நாகதம்பிரான் என்பது நல்லபாம்பு. மருமகன் கேட்பதோ நஞ்சற்ற போவா இனம் என்று விளக்க முயன்றோம். அவள் செவிகொடுத்தாளில்லை. மருமகனோ ஈராண்டாகப் படித்துச் சேர்த்த குறிப்புகளைக் கொப்பியோடு கொணர்ந்து எம்முன் வைத்தான். பரீட்சைக்கு அத்துணை ஊக்கத்தோடு படிக்கும் மாணவரை யாம் எம் வகுப்பறையில் அரிதாகவே கண்டுள்ளோம். ஆதலின் நடுவராக அழைக்கப்பட்ட யாம், இரண்டாம் நாளே ஒரு பக்கம் சாய்ந்துவிட்டோம் என்பதை ஒப்புக்கொள்ளல் வேண்டும்.

போவா என்றவுடன் பலர் நினைவுக்கு வருவது தென்னமெரிக்கக் காடுகளின் பெரும்பாம்பு. அது ஆறடி, எட்டடி என வளர்ந்து ஓர் அறையையே தன்னதாக்கிக்கொள்ளும். பதினான்கு வயதுப் பிள்ளை பின்னொருநாள் பல்கலைக்கழகம் செல்லும்போது அதனை யாரிடம் விட்டுச் செல்வான்? இவ்வினத்துப் பாம்புகள் நன்கு பேணப்படின் இருபது ஆண்டுக்கு மேலும் வாழ்வன. எனவே சிறியதே தக்கது எனத் தீர்ந்தது. சிறியவற்றுள் கலிபோர்ணியா, அரிசோனா முதலிய வறண்ட நிலங்களுக்குரிய ரோசி போவா ஒன்று. கிழக்காபிரிக்க மணல்நிலங்களுக்குரிய கென்ய மண்ணுளி மற்றொன்று. பின்னதையே மருமகன் விரும்பினான். எகிப்து தொடங்கித் தன்சானியா வரை பரந்து வாழும் இப்பாம்பிற்கு 1758ஆம் ஆண்டிலேயே லின்னேயசு அறிஞர் பெயரிட்டு வைத்தார். பெண் இரண்டடி, இரண்டரை அடி வரை வளரும். ஆண் ஒன்றேகால் அடியோடு நின்றுவிடும்.

அந்நாட்டில் 2006ஆம் ஆண்டு இயற்றப்பட்ட விலங்குநலச் சட்டத்தின்படி, பதினாறு வயது நிரம்பாதார்க்கு வளர்ப்புயிர் எதனையும் விற்றல் ஆகாது. தங்கையோ வரமாட்டேன் என்றாள். மைத்துனர் இரவு வேலை முடித்து உறங்கிக்கொண்டிருந்தார். இவ்வாறாக, பெரியவர் என்னும் பதவி எமக்கு வாய்த்தது. பாம்புகளைத் தம் வீட்டிலேயே இனம்பெருக்கி விற்கும் ஒருவரிடம் சென்றோம். பற்றுச்சீட்டில் எழுதப்பட்டதும் எம் பெயரே. சட்டப்படி நோக்கின் அப்பாம்பை வாங்கிய குற்றம் எம்மையே சாரும்.

வாங்கும் முறையை அங்கேதான் கற்றோம். காட்டிற் பிடித்த பாம்பை வாங்கலாகாது. அது ஒட்டுண்ணிகளையும் அச்சத்தையும் உடன் கொணரும். இரை தின்ன மறுத்துப் பட்டினி கிடந்து மாளவும் கூடும். வளர்ப்பிற் பிறந்ததையே கேட்டு வாங்குக. அதன் உணவுக் குறிப்பைப் பார்க்க. குறைந்தது ஐந்தாறு முறையேனும் தானாக இரை கொண்டதாக இருத்தல் நன்று. ஆண் பாம்புகள் உணவிற் பிடிவாதம் காட்டுவன என்பதனால் முதன்முறை வளர்ப்போருக்குப் பெண்ணே நன்றென்றார் அவர். பின்னர் கண் தெளிவாக உள்ளதா, வாய் பிளந்து மூச்சிரைக்கின்றதா, செதில்களின் இடுக்கில் கரும்புள்ளியாய் உண்ணிகள் ஓடுகின்றனவா, மலவாய் துப்புரவாக உள்ளதா என ஒவ்வொன்றாகப் பார்த்தோம். மருமகன் பார்த்தான், யாம் சற்றுத் தொலைவில் நின்று அவன் பார்ப்பதைப் பார்த்தோம்.

"மாமா, இந்தக் குட்டி நல்லா இருக்கு" என்றான். தமிழாசிரியன் நா சும்மா இருக்குமோ? தவழும் உயிர்களின் இளமைக்குப் பார்ப்பு, பிள்ளை என்னும் பெயர்களைத் தொல்காப்பியர் மரபியலில் வகுத்துள்ளார் என்று எடுத்துரைத்தோம். கீரிப்பிள்ளை, அணிற்பிள்ளை என்று யாம் வழங்குவது போலவே இதுவும் பாம்புப்பிள்ளை எனலாம். அவன் அதனைப் பெரிதும் சுவைத்தான். அன்றுமுதல் அதற்குப் பெயர் 'பிள்ளை' என்றே ஆயிற்று.

ஒரு சாணுக்குச் சற்று மேலான நீளம். மேலே செம்மஞ்சளும் கபிலமும் கலந்த திட்டுகள், அடிவயிறு வெண்மை. தலைக்கும் கழுத்துக்கும் வேறுபாடு தெரியாத மழுங்கிய உருவம். மணலுக்குள் உடல் புதைந்திருக்கையிலும் வெளியே நோக்குதற்கு வாய்ப்பாகக் கண்கள் தலையின் மேற்புறமாக அமைந்திருந்தன. அவர் அதனை எம் கையில் வைத்தார். வாலருகே செதில்கள் அரம்போலச் சொரசொரத்தன. அச்சொரசொரப்பை எம் விரல்கள் முன்பே அறிந்திருந்தன.

"உங்கட ஊரிலயும் இருக்கோ மாமா? கண்டிருக்கிறீங்களோ?" என்றான் மருமகன்.

"உண்டு, ஒருமுறை கண்டிருக்கிறோம்" என்றோம். அதற்குமேல் சொல்லவில்லை.

வீடு அமைத்த கதை சுவையானது. வளர்ந்த பாம்பிற்கு மூன்றடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் உள்ள பெட்டி போதும்; உயரம் பெரிதன்று, அது ஏறுவதினும் புதைவதையே விரும்பும். பிள்ளைக்கோ தொடக்கத்தில் ஒன்றரை அடிப் பெட்டியே போதுமானதாயிற்று. அடியில் நாலங்குல ஆழத்திற்கு ஆஸ்பென் மரச்சீவல் இட்டோம். மண்ணுளி என்பதால் மணலே இடவேண்டும் என்று யாம் வாதித்தோம். சீவலினுள்ளும் அது வளை அமைத்து நன்கு வாழும் என்று மருமகன் கொப்பியைக் காட்டினான். பிசின்மணம் கமழும் பைன், தேவதாரு மரச்சீவல்கள் அதன் மூச்சுக்குக் கேடு விளைப்பன என்பதும் அக்கொப்பியில் இருந்தது.

பாம்பு தன் உடலிலே வெப்பத்தை ஆக்கிக்கொள்ளாத உயிர். எனவே பெட்டியின் ஒரு பாதி வெயிலாகவும் மறுபாதி நிழலாகவும் அமைதல் வேண்டும். ஒரு பக்கத்தில் மாத்திரம் வெப்பப்பாய் வைத்து, அங்கே 32 முதல் 35 பாகை செல்சியசும், மறுபக்கத்தில் 25 பாகையளவும் நிற்கச் செய்தோம். இடையே தேர்மோஸ்ராற் என்னும் கருவி காவல் இருந்து, வெப்பம் மிகுந்தால் மின்னை நிறுத்தும். அஃது இன்றி வெப்பப்பாய் வைப்போர் தம் பாம்பைச் சுட்டுக் கொல்வோராவர். நீர்க்கிண்ணம் கனமானதாக இருத்தல் வேண்டும். இன்றேல் கீழே புதைந்து செல்லும் பாம்பு அதனைக் கவிழ்த்துச் சீவலை நனைத்துவிடும். மூடிக்குப் பூட்டு இன்றியமையாதது. விரற்கடை இடைவெளி போதும், பிள்ளை தங்கையின் சமையலறையில் தோன்றிவிடும். அப்புறம் பாம்புக்கும் எமக்கும் அவ்வீட்டில் இடமில்லை.

இனி உணவு. உறையவைத்த எலிக்குஞ்சை வெந்நீரில் இளக்கி, நீண்ட இடுக்கியாற் பிடித்துக் கொடுப்பர். இரையின் பருமன் பாம்பின் உடற்பருமனை மிஞ்சலாகாது. இளம்பாம்பிற்குக் கிழமைக்கு ஒருமுறை. வளர்ந்தபின் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை. உண்ட இரண்டு நாளுக்கு அதனைக் கையில் எடுத்தலும் ஆகாது. தங்கை இங்கேதான் எதிர்த்து நின்றாள். முருங்கையிலையும் தேங்காய்ப்பூவும் இருக்கும் குளிர்ப்பெட்டியில் எலியா? மைத்துனர் எழுந்து வந்து, தம் சேமிப்பிலிருந்து சிறு குளிர்ப்பெட்டி ஒன்று வாங்கிக் கார்க்கொட்டிலில் வைத்ததும் அச்சிக்கல் தீர்ந்தது. மற்றொன்று தீரவில்லை, வெள்ளிக்கிழமையில் எலி கொடுத்தல் கூடாதென்று தங்கை விதித்த விதி. மருமகன் இணங்கினான். பிள்ளை சனிக்கிழமைதோறும் அசைவம் உண்ணலாயிற்று.

மருமகனிடம் சொல்லாது விட்டதை இனி எழுதுகின்றோம்.

1994ஆம் ஆண்டு, ஆனி மாதம். யாம் இக்கல்லூரியில் மேல்வகுப்பில் கற்றுக்கொண்டிருந்தோம். மைதானத்தின் ஓரத்தில் பனங்குற்றி அடுக்கி மண்மூட்டை போர்த்திய பதுங்குகுழிகள் இருந்த காலம். மூட்டைகள் இற்றுச் சரிந்தமையால் புதியன அடுக்குமாறு எம் வகுப்பை அனுப்பினார்கள். சோளகக் காற்று மண்ணை வாரி முகத்தில் இறைத்துக்கொண்டிருந்தது. ஒரு மூட்டையைப் புரட்டியபோது அடியில் தடித்த பாம்பொன்று சுருண்டு கிடந்தது. உடல் முழுதும் கருங்கபிலத் திட்டுகள். "முத்திரைப் புடையன்!" என்று ஒரு குரல் எழுந்தது. கொட்டனும் மண்வெட்டியும் இறங்கின. பாம்பு ஓடவுமில்லை, சீறவுமில்லை. தலையை உடற்சுருளுள் புதைத்துக்கொண்டது. அதனையும் அன்று யாம் வஞ்சகம் என்றே கொண்டோம்.

விலங்கியல் கற்பித்த ஆசிரியர் வந்தார். பாம்பைக் கையில் எடுத்து எமக்குக் காட்டினார். புடையனுக்குத் தலை முக்கோணமாய் அகன்று கழுத்து ஒடுங்கியிருக்கும். இதற்குத் தலையும் கழுத்தும் ஒன்றே. புடையனின் முதுகில் வளையமிட்ட நீள்வட்டப் புள்ளிகள் மூன்று நிரையாய்ச் சங்கிலிபோல் ஓடும். இதன் திட்டுகள் ஒழுங்கின்றி ஒன்றோடொன்று கலந்தவை. புடையனின் வால் மெலிந்து நீளும். இதன் வால் கட்டையானது, அரம்போன்றது. "தொட்டுப் பாருங்கள்" என்றார். தொட்டோம். மண்வெட்டி பட்ட இடத்தில் வயிறு பிளந்திருந்தது. உள்ளே ஏழு பிள்ளைகள். முட்டையிடாது குட்டி ஈனும் இனம் அது. ஈனும் நாள் அணுகியிருந்தது போலும்.

"புடையன் என்று கூவியது யார்?" என்று கேட்டார். யாரும் விடை சொல்லவில்லை. இருமுறை கேட்டுவிட்டு, மண்வெட்டியை வாங்கித் தாமே குழி தோண்டிப் புதைத்தார்.

கூவிய குரல் எம்முடையது.

அன்று உடன் நின்றோரில் சிலர் இம்மலரை வாசிப்பர். அவர்களுள் ஒருவன் மேல் அப்பழி பல நாள் கிடந்தது. அவன் குரலும் எம் குரலை ஒத்தது. அவன் இப்போது கனடாவில் இருக்கின்றான். அவனிடம் யாம் சொல்லவேண்டியதும் இதுவே.

எலி பிடித்துண்ணும் இப்பாம்பு தோட்டக்காரனுக்கு உற்ற துணை. எம் தோட்டங்களில் அது இன்றும் உண்டு. புடையன் என்று அடிபடுவதும் இன்றும் உண்டு. மருமகனின் கதை கேட்டு மாணவர் எவரும் மண்ணுளியைப் பிடித்துப் பெட்டியில் அடைக்க முற்படலாகாது. 1937ஆம் ஆண்டின் விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் பின்வந்த திருத்தங்களும் அதற்கு இடங்கொடா. புடையனோ மண்ணுளியோ என ஐயுறின் கைவைக்கவும் வேண்டா, கொட்டன் தேடவும் வேண்டா. விலகி நின்றால் அது தன் வழி செல்லும்.

பிள்ளை இப்போது இரண்டடியை எட்டிவிட்டதாம். தோலுரிக்கும்முன் கண் பாலாடை படர்ந்தாற்போல் மங்குவதையும், பின் தெளிவதையும் மருமகன் படமெடுத்து அனுப்புகின்றான். தங்கை அறைவாசல் வரை வந்து, அது சீவலின் கீழ் இருக்கின்றதா என்று கேட்டுவிட்டுப் போகின்றாளாம். மருமகனுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. இம்மலரின் ஒரு பிரதியை அவர்களுக்கு அனுப்பவுள்ளோம். தங்கை வாசித்துக் காட்டுவாள்.