கரோனர் ஏட்டில் ஒரு பெயர்

கொல்கத்தாவில் மூதாதையரைத் தேடுபவர் பெரும்பாலும் கல்லறைகளிலிருந்தே தொடங்குகிறார். 1767இல் திறக்கப்பட்ட தெற்குப் பார்க் தெருக் கல்லறைத் தோட்டத்தில் சர் வில்லியம் ஜோன்ஸ் முதலானோரின் பெயர்கள் இன்றும் நிலைத்துள்ளன. தேவாலய அடக்கப் பதிவேடுகளின் படிகள் இலண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. ஆனால் அவை கிறித்தவர்களுக்கு உரியவை. எரியூட்டப்பட்ட கூலித் தொழிலாளிக்கு அங்கே கல்லுமில்லை, வரியுமில்லை.

அவருடைய பெயர் வேறோர் ஏட்டில் கிடைக்கக்கூடும். 1871ஆம் ஆண்டின் கரோனர் சட்டம், கல்கத்தா, பம்பாய் நகரங்களில் விபத்து, கொலை, தற்கொலை, காரணம் அறியாத திடீர் மரணம் ஆகியவற்றை விசாரிக்கப் பணித்தது. சிறையில் இறந்தோரும் அதில் அடங்குவர். மதம் அங்கே தடையன்று. உடலை அடையாளம் காட்டியவர் யார், அவர் என்ன உறவு என்னும் சாட்சியத்தில் ஒரு குடும்பமே வெளிப்படலாம். எழுத்தர் தம் செவிக்கு எட்டியவாறு ஆங்கிலத்தில் எழுதியிருப்பார்; ஆகவே ஒரே பெயரைப் பல எழுத்துக்கூட்டல்களில் தேட வேண்டும்.

நோயுற்று அமைதியாக மறைந்த ஏழையைப் பற்றி அந்த ஏடு எதுவும் சொல்லாது. எதிர்பாராமல் மாண்டவரைப் பற்றி மட்டுமே பேசும். அதை வாசிக்கும் பேரப்பிள்ளைகள், ஒருவரது கடைசி நாளை அவருடைய முழு வாழ்வாக எண்ணிவிடலாகாது.