முன்னால் ஒரு விளக்கு

காலை நாலே கால். மலைப்பாதை தொடங்கும் இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு நான் முதலில் செய்வது எண்ணுவதுதான். எனக்கு முன்னால் எத்தனை வண்டிகள் நிற்கின்றன? ஐந்து. மூன்றின் கண்ணாடியில் உறைபனி கெட்டியாகப் படிந்திருக்கிறது. அவர்கள் நேற்றே வந்து உள்ளே எங்கோ கூடாரம் போட்டிருப்பார்கள். நான்காவதில் லேசாகப் பனி. ஐந்தாவதின் பானெட் பக்கம் போனாலே சூடு தெரிகிறது. அந்த ஆள் எனக்குப் பத்து நிமிடம் முன்னால் நடந்துகொண்டிருக்கிறார்.

முக்கால் மணி நேரம் ஏறியபின், மூன்று மாதமாக வரைபடத்தில் பார்த்துப் பார்த்து நான் எனக்கென்று நினைத்துவைத்திருந்த மேட்டின் மேல் ஒரு சின்ன வெளிச்சம் அசைகிறது. நெற்றி விளக்கு. இன்றைக்கு அந்த மேடு அவருடையது. ஆள் ஒருவன் இங்கே இருக்கிறேன் என்று தெரியும்படி என் விளக்கை ஒருமுறை அவர் பக்கம் காட்டிவிட்டு, வந்த வழியே இறங்கி வேறொரு பள்ளத்தாக்குக்கு நடக்கிறேன்.

இந்த ஒரு காரியத்தைக் கோபமில்லாமல் செய்யப் பழக எனக்கு ஆறு வருடம் ஆனது.

நான் இருப்பது கொலராடோவில். வேட்டையாடுவது எல்க். நம் ஊர் மிளாவுக்கு அண்ணன் முறை என்று சொல்லலாம். வளர்ந்த ஆண் முந்நூறு கிலோவைத் தாண்டும். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை என்ற சொல்லே போலீஸ் செய்திகளில்தான் வருகிறது. அங்கே இருந்தவரை நான் துப்பாக்கியைக் கையால் தொட்டதில்லை. இங்கே உரிமம் வாங்குவதற்கே பாடம் படித்துத் தேர வேண்டும். 1949 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பின்னரோ பிறந்தவர்களுக்கு அதுதான் பொது விதி. நாற்பது வயதில் பள்ளிப் பிள்ளைகளோடு வகுப்பில் உட்கார்ந்து பரீட்சை எழுதினேன்.

இந்த மாநிலத்தின் நிலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் மத்திய அரசினுடையது. காடும் மலையும் பெரும்பாலும் அதில்தான். அங்கே வரப்பு கிடையாது, பட்டா கிடையாது. உரிமம் செல்லும் இடங்களில் யாரும் எங்கும் போகலாம். ஒருவரின் வேட்டையை வேண்டுமென்றே கெடுப்பது ஐம்பது மாநிலங்களிலும் குற்றம். ஆனால் நான் உட்கார்ந்திருக்கும் மரத்துக்கு ஐம்பது மீட்டர் தள்ளி இன்னொருவர் வந்து உட்கார்ந்தால் அவரைத் தடுக்கச் சட்டம் ஏதும் இல்லை. அங்கே இருப்பது முறை ஒன்றுதான்.

அந்தச் சொல்லை நான் சிவகங்கைப் பக்கத்துக் கண்மாய்க் கரையில் கற்றேன். தண்ணீர் குறைந்துவிட்டால் முறை வைத்துத்தான் பாய்ச்சுவார்கள். நீர்பாய்ச்சி மடையைத் திருப்பும்வரை அப்பா மண்வெட்டியோடு வரப்பில் காத்திருப்பார். பயிர் கண்ணெதிரே வாடினாலும் அடுத்தவர் முறையில் வாய்க்காலில் கை வைக்க மாட்டார். வைத்தவர்கள் உண்டு. அந்த வீட்டுக் கல்யாணத்துக்குப் பந்தியில் ஆள் இருக்காது. தமிழில் முறை என்றால் வரிசை, ஒழுங்கு, உறவு மூன்றும்தான். மலைக்கு இந்தச் சொல்லை விடப் பொருத்தமான சொல் எனக்குக் கிடைக்கவில்லை. மலையில் நீர்பாய்ச்சி இல்லை என்பது மட்டும்தான் வித்தியாசம். மடையை நாமே திருப்பிக்கொள்ள வேண்டும்.

அதை உணராத காலத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். அது என் இரண்டாம் வருடம், செப்டம்பர், வில் வேட்டைப் பருவம். எல்க் இணைசேரும் காலம் அது. ஆண்கள் விசிலுக்கும் ஊளைக்கும் நடுவே ஒரு குரலில் கூவும். வேட்டைக்காரர்கள் ஊதல் வைத்து அதேபோல் கூவி அவற்றை வரவழைப்பார்கள். விடியலில் நான் கூவினேன். எதிர்ச்சரிவிலிருந்து பதில் வந்தது. நான் நூறு அடி முன்னேறி மறுபடி கூவினேன். அதுவும் நெருங்கி வந்து கூவியது. முக்கால் மணி நேரம் இந்த நாடகம். நாணில் அம்பு கோத்து, மூச்சை அடக்கி, ஆஸ்பன் மரங்களுக்கு நடுவே கிளை அசைவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கிளை விலகியது. உருமறைப்பு உடுப்பில், முகத்தில் கரி பூசிக்கொண்டு, வில்லும் கையுமாக ஒரு மனிதர்!

இருவரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும் எனக்குக் கால் நடுங்கியது. ஆற்றில் குடம் நிறையும் சத்தத்தை யானை நீர் குடிப்பதாக எண்ணி அம்பு விட்ட தசரதன் கதையை எத்தனை முறை கேட்டிருப்பேன்? அது ராமன் காட்டுக்குப் போவதற்கான காரணக் கதை என்றுதான் மனதில் பதிந்திருந்தது. அது ஒரு வேட்டை விபத்தின் கதை என்று அந்தக் காலையில்தான் புரிந்தது. 2021 செப்டம்பரில் இதே மாநிலத்தின் தென்மேற்கு மூலையில் அது மீண்டும் நடந்தது. வாய்வழி மருந்து அடைக்கும் துப்பாக்கி வைத்திருந்த ஒருவர், வில்லோடு வந்த இன்னொரு வேட்டைக்காரரை எல்க் என்று நினைத்துச் சுட்டுக் கொன்றார். அந்தத் துப்பாக்கிக்கான பருவமும் வில் பருவமும் செப்டம்பரில் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. துப்பாக்கிக்காரர் ஆரஞ்சு அணிய வேண்டும், வில்காரருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அந்தச் செய்தியைக் கேட்டதிலிருந்து அந்த வாரங்களில் நானும் ஆரஞ்சுத் தொப்பி போட்டுக்கொண்டுதான் நடக்கிறேன்.

துப்பாக்கிப் பருவத்தில் விதி தெளிவாக இருக்கிறது. இடுப்புக்கு மேல் குறைந்தது 500 சதுர அங்குலம், கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு நிறம். தலையிலும் அதே நிறம், நான்கு பக்கமிருந்தும் தெரிய வேண்டும். இளஞ்சிவப்பும் செல்லும். மான் இனத்தின் கண்ணுக்குச் சிவப்பும் ஆரஞ்சும் பிரித்துத் தெரியாது, மனிதக் கண்ணுக்கு அரைக் கிலோமீட்டரிலும் பளிச்சென்று தெரியும். ஆனால் விதி சொல்லாத ஓட்டை ஒன்று இருக்கிறது. பெரிய முதுகுப் பையை மாட்டியதும் பின்பக்கத்து ஆரஞ்சு முழுக்க மறைந்துவிடும். அதனால் பைக்கும் ஆரஞ்சு உறை போடுகிறேன். கொம்போடு தலையைச் சுமந்து இறங்கும்போது கொம்பில் ஆரஞ்சு நாடாவைச் சுற்றுகிறேன். புதருக்கு மேல் கொம்பு மட்டும் மிதந்து வருவதைத் தூரத்திலிருந்து பார்ப்பவர் என்ன நினைப்பார்?

ஐந்தாம் வருடம் நடந்தது இன்னும் மறக்கவில்லை. எதிர்ச்சரிவில் ஆரஞ்சு நிறம் தெரிந்தது. பைனாகுலரை எடுத்துப் பார்த்தேன். அந்த ஆளும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார், துப்பாக்கியின் தொலைநோக்கி வழியாக. அதாவது குழல் என் மார்பை நோக்கி இருந்தது. நான் பாறைக்குப் பின்னால் போய் உட்கார்ந்து, வாய்விட்டுக் கத்தினேன். அவர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. கழுத்தில் பைனாகுலர் இல்லாத சோம்பலாக இருக்கலாம். ஆனால் என்னவென்று தெரியாத எதையும் துப்பாக்கித் தொலைநோக்கியால் பார்க்கக் கூடாது. அடையாளம் காண்பதற்குப் பைனாகுலர், குறி வைப்பதற்கு மட்டும் அது. என்னோடு முதன்முதலாக வரும் எவருக்கும் பைனாகுலர் இல்லையென்றால் நான் காட்டுக்குள் கூட்டிப்போவதில்லை.

குறி வைத்தபின்னும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது: மிருகத்துக்குப் பின்னால் என்ன? வல்வில் ஓரியின் ஒரே அம்பு யானையைத் துளைத்து, புலியையும் மானையும் பன்றியையும் கடந்து, புற்றிலிருந்த உடும்பில் போய்த் தைத்ததாகப் புறநானூற்றில் வன்பரணர் பாடியிருக்கிறார். பள்ளியில் அது வீரமாகத் தெரிந்தது. இப்போது நினைத்தால் வயிறு கலங்குகிறது. நான் வைத்திருக்கும் ரகத் துப்பாக்கியின் குண்டு, தடை ஏதும் இல்லாவிட்டால் நாலு கிலோமீட்டருக்கு மேல் போகும். எல்க் கூட்டமாக நிற்கும்போது ஒன்றைத் துளைத்த குண்டு அடுத்ததையும் வீழ்த்தும். என்னிடம் இருப்பது ஒரு மிருகத்துக்கான உரிமம். மேட்டின் விளிம்பில், வானத்தைப் பின்னணியாக வைத்து நிற்கும் மிருகத்தை எவ்வளவு அழகாக நின்றாலும் நான் சுடுவதில்லை. அந்த விளிம்புக்கு அப்பால் என்னைப் போலவே நாலு மணிக்கு முன்பே எழுந்து வந்த ஒருவர் ஏறிக்கொண்டிருக்கலாம். பின்னால் மண்சரிவு தெரிந்தால்தான் விரல் விசைக்குப் போகும்.

கூட்டாளியோடு போகும்போது உட்காருவதற்கு முன்பே பேசிவிடுகிறோம். என்னோடு வருபவர் தேனிக்காரர், என்னை விட இளையவர். “அண்ணே, அந்தப் பட்ட மரத்துக்கு இடப்பக்கம் என்னோடது, வலப்பக்கம் உங்களோடது. நடுவுல வந்தா யாரும் சுட வேணாம்” என்பார். ஒவ்வொரு முறையும் சொல்வார். பதினொரு வருடமாகக் கேட்கிறேன், ஒருநாளும் சலித்ததில்லை. விழுந்த மரத்தையோ கம்பி வேலியையோ தாண்டுவதற்கு முன் தோட்டாவை எடுத்துவிட்டுத் துப்பாக்கியை மற்றவர் கையில் கொடுக்க வேண்டும் என்பதும் அப்படித்தான். இதை நம்பிக்கைக் குறைவு என்று இருவருமே நினைப்பதில்லை.

முறையில் மிக நுட்பமான பகுதி காற்று. சூரியன் படாதவரை மலையின் குளிர்ந்த காற்று சரிவில் கீழ்நோக்கி வழியும். வெயில் ஏறியதும் திரும்பி மேல்நோக்கிப் போகும். எல்க் கண்ணை நம்பாவிட்டாலும் மூக்கை நம்பும், நூற்றுக்கணக்கான மீட்டர் தள்ளி இருக்கும் மனித வாடையைப் பிடித்துவிடும். ஆகவே விடியலில் ஒருவர் பள்ளத்தாக்கின் அடியில் காத்திருக்க, தாமதமாக வந்த நான் மேல்பாதையில் நடந்தால், என் வாடை வாய்க்கால் தண்ணீர்போல அவர் பள்ளத்துக்குள் இறங்கிவிடும். நான் அவரைப் பார்த்திருக்கவே மாட்டேன், அவரும் என்னைப் பார்த்திருக்க மாட்டார். ஆனாலும் அவர் முறையில் நான் மடையை உடைத்துவிட்டேன். வாகன நிறுத்தத்தில் வண்டிகளை எண்ணுவது இதற்காகத்தான்.

காட்டில் இன்னொருவரைத் திடீரென்று எதிர்கொண்டால் கையை ஆட்டுவதோ, சீழ்க்கை அடிப்பதோ கூடாது. அசைவும் சீழ்க்கையும் மிருகத்துக்கு உரியவை. மனிதனுக்கு உரியது பேச்சு. “காலை வணக்கம், நான் இங்கே இருக்கிறேன்” என்று நல்ல உரத்த குரலில் சொல்ல வேண்டும். வந்திருந்த எல்க் ஓடிப் போனால் போகட்டும். குதிரையில் வருபவர்கள் எதிர்ப்பட்டால் பாதையின் கீழ்ப்பக்கம் ஒதுங்கி நின்று பேச்சுக் கொடுப்பது வழக்கம். பெரிய பை சுமந்த உருவம் மனிதன்தான் என்று குதிரைக்கும் குரலால் தெரிய வேண்டும். மேய்ச்சல் நிலத்துக் கதவு திறந்திருந்தால் திறந்தபடி, மூடியிருந்தால் மூடியபடி விட்டுப் போக வேண்டும். மிருகங்கள் நீர் குடிக்கும் இடத்தின் ஓரத்தில் கூடாரம் அடித்தால் அந்தப் பள்ளத்தாக்கில் வேறு யாருக்கும் அந்த வாரம் வேட்டை இல்லை.

தொடக்கத்தில் சொன்ன அந்த நாளுக்கு வருகிறேன். நான் போன பள்ளத்தாக்கில் பகல் முழுக்க ஒரு மரங்கொத்தியைத் தவிர எதுவும் வரவில்லை. ஏழரை மணிக்கு மேட்டின் பக்கம் ஒரு வெடிச் சத்தம் கேட்டது. எனக்குப் பொறாமை வரவில்லை என்று சொன்னால் அது பொய். பிற்பகலில் இறங்கும்போது அந்த ஆள் பாதையோரம் உட்கார்ந்திருந்தார். அறுபது வயதைத் தாண்டியவர். தனி ஆள். நான்கு கால்களில் ஒன்றை மட்டும் கொண்டுவந்து வைத்துவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். காலையில் வெளிச்சம் காட்டியது நான்தானா என்று கேட்டார். ஆமாம் என்றேன். மற்றொரு பின்னங்காலை நான் சுமந்தேன். எலும்போடு முப்பது கிலோவுக்குக் குறையாது. பத்தாயிரம் அடி உயரத்தில் அந்த எடைக்கு ஒவ்வொரு இருபது அடிக்கும் நிற்க வேண்டியிருந்தது. வண்டியில் ஏற்றி முடிக்கும்போது இருட்டிவிட்டது. அவர் பெயரைக் கேட்க மறந்துவிட்டேன், அவரும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது மனைவி பையைப் பார்த்துவிட்டு, “என்னங்க, இந்த வருசமும் கடைக் கறிதானா?” என்றாள். கடைக் கறிதான்.

புதிதாக மலையேறப் போகிறவர்களுக்கு ஒன்றே ஒன்று சொல்வேன். வரைபடத்தில் ஓர் இடத்தை மட்டும் குறித்துக்கொண்டு போகாதீர்கள். நான்கு இடம் குறித்துக்கொள்ளுங்கள், நான்குக்கும் நடக்கக் காலைத் தயார் செய்துகொள்ளுங்கள். முதல் இடத்தில் கட்டாயம் ஒரு விளக்கு தெரியும்.